அட்டையும் திரையும்

சென்ற மாதம் திருப்பூர் சென்றிருந்தேன். என்னிடம் தமிழ் இலக்கியம் பயின்ற அரூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் அங்கே சிறிய பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் பிரிவில் பணிபுரிகிறார். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் மழை பொய்த்தால் பிள்ளைகள் பேருந்தேறும் ஊர்கள் இரண்டு: பெங்களூரு, திருப்பூர். ஆகவே நான் அங்கே கண்டதை அயலூர்ச் செய்தியாகக் கருத இயலவில்லை.

"ஐயா, சிலப்பதிகாரத்துல துன்னகாரர்னு சொல்லிக் குடுத்தீங்களே, அது இவருதான்" என்று கட்டிங் மாஸ்டரை அறிமுகம் செய்தார் மாணவர். இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத் தொழிலாளர் வரிசையில் வரும் தையற்காரரின் பெயர் அது. மாஸ்டர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முப்பதாண்டுகளாக அட்டையில் அளவு வரைந்தவர்.

சட்டைக்கு முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி என்று தனித்தனி அச்சுகள் வேண்டும். ஓர் அளவில் வரைந்ததை மற்ற அளவுகளுக்கு விரிப்பதும் சுருக்குவதும் கிரேடிங். அவற்றைத் துணியின் அகலத்துக்குள் வீணின்றி அடுக்குவது மார்க்கர். ஆடையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்கே போவதால், மார்க்கரில் மிச்சமாகும் ஒரு விழுக்காடும் பணமே. நாள்கணக்கில் நடந்த இவ்வேலையை மென்பொருள் சில மணிநேரத்தில் முடிக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை.

நான் சென்றதற்கு முந்தைய வாரம் நடந்ததை மாணவர் சொன்னார். ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனம் தன் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்து வந்த கோப்புகள் இவர்களிடம் இருந்த பழைய பதிப்பில் திறக்கவில்லை. பொதுவடிவமான டிஎக்ஸ்எப்பில் கேட்டு வாங்கினார்கள். கோடுகள் வந்தன, கிரேடிங் விதிகளைத் தாங்கும் ரூல் கோப்பு உடன் வரவில்லை. மறுநாள் காலை துணி வெட்டியாக வேண்டும். மாஸ்டர் இரவெல்லாம் விழித்திருந்து எல்லா அளவுகளையும் அட்டையில் வரைந்து முடித்தார். அடுத்த மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள். காரணம், அவருக்குக் கணினி தெரியாதாம்!

தமிழாசிரியர்களாகிய நமக்கு இந்தத் துன்பம் புதிதன்று. 1999ஆம் ஆண்டு தமிழிணைய மாநாட்டின் வழியே டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் நான் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளைத் திறந்தால் இன்று பொருளற்ற குறிகளே தெரிகின்றன. ஆனால் ஒருங்குறி பொதுச்சொத்து. ஆடைத்துறையின் நிலை அதுவன்று. 1960களின் இறுதியில் கணினி வழித் துணிவெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்த அமெரிக்காவின் கெர்பர் நிறுவனமும், 1973இல் தோன்றிய பிரான்சின் லெக்ட்ராவும் நெடுங்காலம் போட்டியாளர்களாக இருந்தன. 2021இல் லெக்ட்ரா கெர்பரை வாங்கிவிட்டது. பல மென்பொருள்கள் இப்போது சந்தாவுக்கே கிடைக்கின்றன. சந்தா நின்றால் தன் அளவுகளையே தான் திறக்க முடியாத நிலை சிறு முதலாளிக்கு வரலாம்.

மேம்படுத்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று செய்யலாம். கோப்பு அனுப்பும் நிறுவனம் பொதுவடிவத்தையும் ரூல் கோப்பையும் சேர்த்தே தரவேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வாலண்டினா, சீம்லி2டி போன்ற கட்டற்ற மென்பொருள்களை நம் கல்லூரிகள் மாணவர்களுக்குப் பழக்கட்டும். மூன்றாவது நம் பொறுப்பு: பின்னலாடைத் துணி துவைத்தால் நீளத்தில் எவ்வளவு சுருங்கும், அகலத்தில் எவ்வளவு என்பதைத் தொட்டே சொல்லும் மாஸ்டர்களின் அறிவைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதினால் மென்பொருளின் பயிற்சி நூலும் தமிழில் பிறக்கும். எட்டாம் வகுப்பு படித்தவரும் அதைப் படித்துத் திரைமுன் அமர்வார்.

தொழில் தமிழில் இல்லாதபோது தமிழ் தொழிலாளிக்குச் சோறு போடாது என்கிறார்கள். தொழிலைத் தமிழில் எழுதாதவர்கள் நாமல்லவா?

விடைபெறும்போது மாஸ்டர் கேட்டார்: "சார், உங்க காலேஜ்ல என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஏதாச்சும் கிளாஸ் இருக்கா?" என்னிடம் பதில் இல்லை.