பணம் ரெடி, போர்டு ரெடியா?

நியூயார்க்ல, அதுவும் மன்ஹாட்டன் அப்பர் ஈஸ்ட் சைட்ல வீடு வாங்கணும்னா பணம் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். பணம் மட்டும் போதாது என்பது வாங்கப் போனவங்களுக்குத்தான் தெரியும். பார்க் அவென்யூ, ஃபிஃப்த் அவென்யூவில் நிற்கிற பழைய கட்டிடங்கள் பெரும்பாலும் கோ-ஆப். கோ-ஆப்ல வீட்டை யாரும் வாங்கறதில்லை மக்களே! கட்டிடம் மொத்தமும் ஒரு கம்பெனி பேர்ல இருக்கும். அந்தக் கம்பெனியில இத்தனை ஷேர்னு நீங்க வாங்கணும். கூடவே, இன்ன நம்பர் வீட்டில் நீங்க குடியிருக்கலாம்னு ஒரு குத்தகைப் பத்திரம் கொடுப்பாங்க. மில்லியன் டாலரைக் கொட்டிட்டு, நம்ம கம்பெனிக்கு நாமே குடித்தனக்காரர் :-)

மாசாமாசம் மெயிண்டனன்ஸ் தனி. டோர்மேன் சம்பளம், ஹீட்டிங், சொத்து வரி, கட்டிடத்தின் மேல் கம்பெனி வாங்கியிருக்கும் கடனுக்குத் தவணை, எல்லாம் அதில் அடக்கம்.

விஷயம் அது இல்லை. ஷேரை உங்களுக்கு விற்கலாமா கூடாதான்னு முடிவு பண்றது போர்டு. அதே கட்டிடத்தில் குடியிருக்கிறவங்க தேர்ந்தெடுத்த நாலஞ்சு பேர். சம்பளம் கிடையாது, ஆனா அதிகாரம் ஏகப்பட்டது. வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆபீஸ் லெட்டர், நண்பர்களிடமிருந்து நற்சான்றுக் கடிதம்னு ஒரு கட்டு பேப்பர் கொடுக்கணும். பாதி விலைக்கு மேல் கடன் வாங்கக் கூடாதுன்னு சொல்ற கட்டிடங்கள் உண்டு. கடனே கூடாதுன்னு சொல்ற கட்டிடங்களும் உண்டு. வாங்கி முடிச்ச பிறகும் ஒன்றிரண்டு வருஷச் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்கான்னு பார்ப்பாங்க. அப்புறம் நேர்காணல். பெண் பார்க்கப் போற மாதிரிதான், இங்கே பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது, அவ்வளவுதான்.

பெரிய மனுஷங்களும் இதுல மாட்டியிருக்காங்க. 1979ல் முன்னாள் ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸனுக்கே கிழக்கு 72ஆம் தெருவில் ஒரு கோ-ஆப்ல இடம் கிடைக்கலை. 1985ல் சான் ரெமோ கட்டிடத்தில் மடோனாவுக்கும் கிடைக்கலை. இதையெல்லாம் ஜோக்கா சொல்லிச் சிரிக்கலாம். என் நண்பருக்கு நடந்தது ஜோக் இல்லை.

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலையில் இருக்காங்க. பல மாசம் தேடி, எழுபதுகளின் தெருக்களில் ரெண்டு பெட்ரூம் வீடு ஒண்ணு பிடிச்சுப் போச்சு. கேட்ட பேப்பர் எல்லாம் கொடுத்தாச்சு, பாதிக்கு மேல் ரொக்கமும் ரெடி. நேர்காணலில் எல்லாரும் சிரிச்சுப் பேசி கை குலுக்கி அனுப்பியிருக்காங்க. நாலு நாள் கழிச்சு புரோக்கர் மூலமா ஒரே வரி: போர்டு மறுத்துவிட்டது. ஏன்? சொல்ல மாட்டாங்க. "எங்க பேங்க் ஸ்டேட்மெண்ட் பிடிக்கலையா, இல்லை பேரே பிடிக்கலையா?"ன்னு அவர் மனைவி கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?

காரணமில்லாமலே மறுக்கலாம் என்பதற்கு 1959லேயே நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிவிட்டது. லிஃப்டையும் நடையையும் யாரோட பகிர்ந்துக்கறதுன்னு குடியிருக்கிறவங்களே தீர்மானிக்கலாம்கிறது அந்தத் தீர்ப்பின் சாரம். இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுப்பது சட்டப்படி குற்றம்தான். அதை நிரூபிச்ச கேஸும் உண்டு. கிழக்கு ஆற்றை ஒட்டிய ஒரு கோ-ஆப்ல, இனத்தைப் பார்த்து ஒரு தம்பதியைக் குடிவர விடலைன்னு வழக்கு. போர்டு தலைவர் மேல் விழுந்த தண்டனைத் தொகையை கம்பெனி கொடுக்க முடியாது, அவர் கைக்காசிலிருந்துதான் கட்டணும்னு 2000ல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனா காரணமே சொல்லாதப்போ எத்தனை பேரால் கோர்ட் வரைக்கும் போக முடியும்?

போர்டு பக்கமும் நியாயம் இருக்குங்க. ஒருத்தர் மெயிண்டனன்ஸ் கட்டலைன்னா மத்தவங்க தலையிலதான் விழும். கடன்ல மூழ்கினவரை உள்ளே விட்டா கட்டிடமே ஆட்டம் காணும். அதனால பணக் கணக்கை எவ்வளவு கறாரா வேணும்னாலும் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பார்த்த கணக்கை வெளியே சொல்லுங்கன்னுதான் கேட்கிறேன். அமெரிக்காவில் பேங்க் கடன் மறுத்தா, கேட்கிறவருக்குக் காரணம் சொல்லியாகணும்னு சட்டம் இருக்கு. கிட்டத்தட்ட அதே பேப்பர்களை வாங்கிப் பார்க்கிற போர்டுக்கு மட்டும் என்ன விலக்கு? காரணம் சொன்னா கேஸ் போடுவாங்கன்னு பயப்படறாங்களாம். சொல்ல முடியாத காரணமா இருந்தாதானே பயம்?

இன்னொரு கூத்து. சில சமயம் வாங்கறவர் மேல் குறையே இருக்காது. விலை குறைச்சலா பேசியிருக்காங்க, இதை விட்டா நம்ம ஷேர் மதிப்பும் இறங்கிடும்னு போர்டு தட்டிவிடும். இதில் விற்கிறவருக்கும் நஷ்டம். அதையாவது சொல்லித் தொலைச்சா, வாங்க வந்தவர் தன் பேரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு தூங்காம கிடக்க வேண்டாம்.

நமக்கு இது புதுசா என்ன? சென்னையில் "வெஜிடேரியனா?"ன்னு கேட்டு வாடகை வீட்டை மறுக்கிறதைப் பார்த்தவங்கதானே. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும்னு வச்சிருந்த ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை நம்ம உச்ச நீதிமன்றமே 2005ல் செல்லும்னு சொல்லிடுச்சு. அங்கே விதி வெளிப்படையா எழுதியிருந்தது, இங்கே அதுவும் இல்லை. இத்தனைக்கும் 1927ல் தையல் தொழிலாளர் சங்கம் பிராங்க்ஸில் தொழிலாளிகளுக்காக வீடு கட்டியதும் இதே கோ-ஆப் முறையில்தான்!

நண்பர் இப்போ காண்டோ பார்க்கிறார். அங்கே வீடு நிஜமாவே நம்ம பேர்ல இருக்கும். போர்டுக்கு உங்களைப் பிடிக்கலைன்னா, பொதுவா ஒரே வழிதான்: நீங்க பேசின அதே விலைக்கு அவங்களே வாங்கிக்கணும். காசு போடணும்னா யாருக்கு மூஞ்சி பிடிக்காம போகும்? என்ன, விலை பொதுவா கோ-ஆப்பை விட அதிகம். வாங்கற கடன்ல கிட்டத்தட்ட 2 சதவீதம் அடமானப் பதிவு வரி வேற, கோ-ஆப்ல அது கிடையாது. கொடுத்துட்டுப் போறேன்ங்கறார்.