ஒப்பாரி வைத்தால் சிப் ஓடாது

போன ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய கணினிப் பலகையை ஐந்து வெள்ளிக்கு வாங்கினேன். நடுவில் ஓர் இன்டெல் 486. அதன் மேல் ‘மலாய்’ என்ற அச்சு. மலேசியாவில் பூட்டிய சிப் என்று பொருள். வீட்டில் காட்டியதும் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பாயான் லெப்பாஸில் வேறொரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) பதினொரு வருடம் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் சிப்பில் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தவர் அவர்.

படத்தை நண்பர்கள் குழுவில் போட்டேன். உடனே ஒப்பாரி. “நம்ம பொம்பளைங்க கண்ணைக் கெடுத்துச் செஞ்ச சிப்பை உலகம் தூக்கி எறியுது. லினக்ஸ் 386-ஐக் கைவிட்டிருச்சு, டீபக்கரும் பழசையெல்லாம் கழிக்குது. ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிக்கிட்டு இது நியாயமா?”

நியாயம்தான் என்கிறேன். திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். லினக்ஸ் 386-ஐ விட்டது உண்மை. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில். இன்டெல்லே அந்த சிப்பை 2007-இல் நிறுத்திவிட்டது. ஆனால் 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ஜிடிபி என்னும் டீபக்கரில் 32-பிட் இன்டெல் இன்றும் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. அழுவது சுலபம், அதனால் அழுதோம்.

டீபக்கர் என்பது ஓடும் நிரலை நடுவழியில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி. அதற்கு ஒவ்வொரு புராசசரின் உடற்கூறும் தெரிந்திருக்க வேண்டும். இன்டெல்லில் நிறுத்தப்புள்ளி வைக்க ஒரு பைட் போதும். மோட்டரோலா 68000-இல் இரண்டு வேண்டும். ரெஜிஸ்டர்கள் எத்தனை, எந்தச் சார்பு எதை அழைத்தது என்று பின்னோக்கிப் போவது எப்படி, எல்லாம் சிப்புக்கு சிப் வேறு. பல வருடம் யாரும் ஓட்டிப் பார்க்காத பகுதி, மற்ற மாற்றங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் கெட்டுப்போகும். அப்புறம் தவறான எண்ணைச் சரியான எண் போலக் காட்டும். பிழை தேடப் போனவனிடம் பொய் சொல்லும் டீபக்கர் இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல்.

ஏஎம்டியும் இன்டெல்லும் 1972-இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த முதல் எட்டு நிறுவனங்களில் சேர்ந்தவை. அந்த ஏஎம்டியின் 29கே சிப்பை 2000-களின் தொடக்கத்தில் ஜிடிபி நீக்கியது. ஒரேயடியாக அல்ல. முதலில் அதன் கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ‘அப்சலீட்’, அதாவது வழக்கொழிந்தது, என்று எழுதி வைத்தார்கள். யாராவது வந்து ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு. யாரும் வராததால்தான் அழித்தார்கள்.

சொல்ல ஆள் இருந்தால் என்ன நடக்கும்? 68000 வந்தது 1979-இல். லினக்ஸிலும் ஜிடிபியிலும் அந்தக் குடும்பம் இன்றும் உயிரோடிருக்கிறது. 2019-இல் ஜிடிபியின் உடன்பிறப்பான ஜிசிசி கம்பைலரிலிருந்து அது விழும் நிலை வந்தபோது ஆர்வலர்கள் பணம் திரட்டினார்கள்; பெர்ன்ட் ஷ்மிட் அந்தப் பகுதியை மாற்றி எழுதினார். இன்னொரு பக்கம் இட்டானியம். 2001-இல் இன்டெல் கோடிகளைக் கொட்டி இறக்கிய சிப். 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-இல் அது இல்லை. ஜிசிசியிலிருந்தும் போக வேண்டியது. ஒருவர் பராமரிக்க முன்வந்ததால் தப்பியது. வயதும் பணமும் இங்கே செல்லவில்லை.

“நேரமும் வசதியும் உள்ளவனுக்குத்தானே இது?” என்று ஒரு தம்பி கேட்டான். பாதி சரி. சிப்பை விற்றுச் சம்பாதித்த நிறுவனங்கள் பராமரிப்பைத் தன்னார்வலர் தலையில் கட்டிவிட்டுப் போவது அநியாயம்தான். அதைத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் நாம் திட்டியது யாரை? சம்பளமில்லாமல் இருபது வருடம் தாங்கிப் பிடித்தவரை. அவர் நீக்கிய நிரலின் பழைய பதிப்பும் பூட்டில்லாமல் அங்கேயே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லி.

இலக்கியத்திலும் நமக்கு இதே பழக்கம். முரசு அஞ்சலிலும் டிஸ்கியிலும் தட்டச்சான தொண்ணூறுகளின் கதைகள் எத்தனை பேர் வீட்டு நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன! ‘மலேசியத் தமிழ் இலக்கியம் அழிகிறது’ என்று ஆண்டுக்கொரு கூட்டம் போடுகிறோம், மீகூன் சாப்பிடுகிறோம், கலைகிறோம். ஒரு வட்டைத் திறந்து யூனிகோடுக்கு மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். அந்தச் சனிக்கிழமையைக் கொடுக்க ஆளில்லை. நானும் கொடுத்ததில்லை.

பலகைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், உயிர் இருக்கிறது. சீரியல் கேபிள் கேட்டு கொம்தாரில் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்ததும் மடிக்கணினியில் ஜிடிபியை ஓட்டி, பலகையில் எது வேலை செய்கிறது, எது உடைகிறது என்று எழுதி அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவேன். அம்மா கேட்கிறார், “இது வேலை செஞ்சா யாருக்குப்பா லாபம்?” பதில் தெரியவில்லை. அவர் பார்த்த கம்பி ஒவ்வொன்றுக்கும் அப்படி யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

குழுவில் அழுதவர்களில் ஒருவர் வந்தால்கூடப் போதும். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.