ஒரு காகிதத்தின் கனம்

சென்ற மாதம் ஒரு கடலை எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தோம். அங்கே தொட்டியிலிருந்து வடிகட்டும் யந்திரத்துக்கு எண்ணெய் தள்ளும் பற்சக்கரப் பம்பு ஒன்று, சில வாரங்களாகச் சண்டித்தனம் செய்து வந்தது. மோட்டார் ஓடுகிறது, சத்தத்துக்கும் குறைவில்லை, எண்ணெய் மட்டும் பாதியளவே வந்து சேருகிறது! பம்பின் ஆயுள் தீர்ந்ததென்று முடிவு செய்து, புதிய பம்புக்கு முதலாளி கடிதமும் எழுதி வைத்துவிட்டார். "ஒரு நாள் பொறுங்க ஐயா, பிரிச்சுப் பார்த்துடறேன்" என்றார் வயதான ஃபிட்டர். அந்த ஒரு நாளில் பெரும் பகுதி நாமும் அருகே நின்றிருந்தோம்.

இவ்வகைப் பம்பின் உள்ளே இருப்பவை, பல்லோடு பல் கோத்துச் சுழலும் இரண்டு சக்கரங்களே. எண்ணெய் அவற்றின் நடுவே புகுந்து போவதாக நேயர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மையில் அது பற்களின் இடுக்குகளில் அகப்பட்டு, கூட்டின் சுவரை ஒட்டி இரு புறமும் சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் பற்கள் கவ்விக்கொள்வதால் திரும்பி வர வழியில்லை. கிரகங்களின் பாதையைக் கணித்த கெப்ளர், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய பம்பு ஒன்றையும் அமைத்தார்.

ஃபிட்டர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. மெயின் ஸ்விட்சை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஸ்விட்சை யார் வேணும்னாலும் போட்டுடலாம். என் பையிலே யாரும் கை விட முடியாது, பாருங்க!" என்றார். பிறகு இரு பக்கத்து வால்வுகளையும் மூடி, உள்ளே தங்கிய எண்ணெயை வடித்தார். மூடியிலும் கூட்டிலும் நேருக்கு நேர் புள்ளி அடித்து அடையாளம் செய்த பிறகே நட்டுகள் கழன்றன. மூடி வரவில்லை. கையாள் பொறுமையிழந்து இடுக்கில் திருப்புளியை நுழைக்கப் போனான். "வேண்டாம் தம்பி! அந்த முகத்திலே ஒரு கீறல் விழுந்தா ஆயுசுக்கும் ஒழுகும்" என்று தடுத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டி மூடியை எடுத்தார்.

சக்கரங்களுக்குப் பழுதில்லை. எண்ணெய் உள்ளே வரும் பக்கத்துச் சுவர் மட்டும் சிறிது தேய்ந்திருந்தது. வெளியேறும் பக்கத்து அழுத்தம் சக்கரங்களை எதிர்ப்புறம் தள்ளுவதால் அந்தத் தேய்மானம் இயல்பே. குற்றவாளி வேறு. மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே, முன்பு யாரோ அவசரத்தில் தடித்த அட்டையை வெட்டி வைத்திருந்தார்கள்!

அட்டை தடித்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். சக்கரத்தின் முகத்துக்கும் மூடிக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு செய்தால் சில பங்குதான். அது இரண்டு மடங்கானால் அதன் வழியே பின்னோக்கிக் கசியும் எண்ணெய் ஏறக்குறைய எட்டு மடங்காகும். இடைவெளியே இல்லாவிட்டாலோ, சக்கரம் மூடியில் உரசிச் சூடேறும். பரீட்சையில் கனமூலம் போட்ட நமக்கு இது அன்றுதான் விளங்கிற்று.

ஃபிட்டர் இடைவெளியை அளந்து, அதற்கேற்ற காகிதத்தைக் கூட்டின் விளிம்பில் விரித்து, சுத்தியால் ஓரமாகத் தட்டியே வெட்டினார். பூட்டி முடித்ததும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார், இழுக்காமல் சுழன்றது. உள்ளே சிறிது எண்ணெய் வார்த்து, வால்வுகளைத் திறந்தார். ஃபியூஸ் கட்டைகள் பையிலிருந்து வெளியே வந்தன.

மாலையில் எண்ணெய் பழையபடி பாய்ந்தது. முதலாளி கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தடித்த அட்டையை ஃபிட்டர் ஸ்விட்சுப் பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்.