பார்ட்ஸுக்குச் சல்லி உண்டு, பழுது தேடுவதற்கு இல்லை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருடத்தில் நாம் பழைய கார்களைப் பொத்திப் பாதுகாக்கப் பழகிவிட்டோம். இன்றும் வீதியில் ஓடும் டபிள்யூ 124 பென்ஸ் கார்கள் அதற்குச் சாட்சி. முப்பது வருடம் தாண்டியும் எஞ்சின் உறுதியாக இருக்கிறது. வம்பு பண்ணுவது வயரிங்தான்.

முழுதாகப் பழுதானால்கூடப் பரவாயில்லை. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். நண்பகல் வெயிலில், பிள்ளைகளோடு போகும்போது, நடு வீதியில் நின்றுவிடும். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் நடக்காதது போல ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாக நிற்கும்.

இதற்கு நாம் என்ன செய்கிறோம்? "பாஸ், எதையாவது மாத்திப் பாருங்க" என்கிறோம். பெட்டரி மாறுகிறது, அல்டர்னேட்டர் மாறுகிறது, பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பழைய கம்பியூட்டர் பெட்டியும் வந்து சேர்கிறது. கோளாறு மட்டும் மாறுவதில்லை. பிறகு பாஸைத் திட்டுகிறோம்.

பிழை பாஸிடம் மட்டும் இல்லை என்பதே நமது கருத்து. பார்ட்ஸுக்கு எவ்வளவு கேட்டாலும் கடன்பட்டாவது கொடுக்கிறோம். "மூன்று மணித்தியாலம் அளந்து பார்த்தேன், அதற்குக் கூலி தாருங்கள்" என்றால், "ஒண்டும் மாத்தல்லியே, எதுக்குச் சல்லி?" என்று கேட்கிறோம். தேடுபவருக்குக் கூலி இல்லை, மாற்றுபவருக்கு உண்டு என்றால் யார்தான் தேடுவார்?

ஸ்கேன் பண்ணினால் தெரிந்துவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய சாதாரண ஸ்கேனர்கள் பேசுவது, அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி 2 முறையில். அதற்கு முந்திய இந்தக் கார்களோடு அவை பேசாது. இங்கே கண்ணும் காதும் மல்டிமீட்டரும்தான் உதவும்.

இந்தக் கார்களின் நோய்கள் ஒன்றும் இரகசியமானவை அல்ல. ஏபிஎஸ் விளக்கு எரிந்து எரிந்து அணைந்து, எஞ்சினும் தடுமாறினால், பெட்டரிக்குப் பின்னால் இருக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேயை முதலில் பார்க்க வேண்டும். அதன் உள்ளே ஈயப்பற்று வெடித்திருக்கும். சூட்டில் நின்று ஆறியபின் ஓடினால், பெற்றோல் பம்ப் ரிலேயிலும் அதே வெடிப்பு இருக்கலாம். கூர்முனை பியூஸ்கள் எரியாமலே முனையில் களிம்பு பிடித்துத் தொடர்பை விடும். 1990களின் முற்பகுதியில் வந்த பெற்றோல் கார்கள் சிலவற்றில் எஞ்சின் வயரின் மேலுறை சூட்டில் காய்ந்து உதிரும். அந்த வயர்க்கட்டை இழுத்து அசைக்கக் கூடாது, பார்த்தாலே தெரியும்.

அளப்பதிலும் ஒரு விடயம் உண்டு. வயருக்குள் இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டர் "தொடர்பு இருக்கிறது" என்று பீப் அடிக்கும். ஆனால் பம்ப் ஓடும்போது அந்த ஒற்றை இழை தாங்காது. ஆகவே மின்சாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பெட்டரியின் மைனஸ் முனைக்கும் காரின் இரும்பு உடலுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது. அதைச் சுரண்டி இறுக்க ஒரு சாவியும் அரத்தாளும் போதும். புது அல்டர்னேட்டர் தேவையில்லை.

ஒரு மாணவன் சில நாட்களில் மட்டும் கணக்கில் பிழை விட்டால், ஆசிரியர்களாகிய நாம் அவனுடைய புத்தகத்தை மாற்றுவதில்லை. எந்த நாள், எந்த வகைக் கணக்கு என்று பார்க்கிறோம். காருக்கும் அதுதான். ஒரு சின்னக் கொப்பியை டேஷ்போர்ட்டில் வையுங்கள். நின்ற நேரம், எஞ்சின் சூடா, மழையா, ஏசி போட்டிருந்ததா, எந்த விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். பத்து வரி சேர்ந்தால் பாஸுக்குப் பாதி வேலை முடிந்தது.

அளந்து பார்த்து வேலை செய்யும் பாஸ்மார் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை கார் நின்றால், பார்ட்ஸ் விலையைக் கேட்பதற்கு முன், தேடுவதற்கு எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள். ஒன்றுமே மாற்றாமல் கார் ஓடினாலும் அந்தக் கூலியைச் சந்தோசமாகக் கொடுங்கள்.