யாளிக்கு எலும்பு தேடுவோர்

யாளி என்பது தமிழ் மண்ணில் மெய்யாகவே வாழ்ந்து அழிந்த விலங்கு, டைனோசாருக்கும் முந்தையது, துதிக்கை உள்ளதால் யானைக்கு மூத்த உறவு. இப்படியொரு செய்தி பல ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்து, இப்போது வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. முதலாண்டு மாணவர்களிடம் கோயில் தூண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், பள்ளியில் ஆசிரியர் சொன்னார் என்கிறார்கள். அழிந்துபோன யானையினங்களைப் பற்றி அறியவேண்டிய வயதில் நம் குழந்தைகளுக்குக் கிடைத்திருப்பது இதுதான்.

முதலில் காலக்கணக்கு. டைனோசார்கள் மறைந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. துதிக்கை விலங்கு வரிசையில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது, மொராக்கோவில் கிடைத்த எரித்தீரியம். அதற்கு வயது சுமார் 6 கோடி; எடை ஐந்தாறு கிலோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். டைனோசாருக்கு முந்தைய யானை என்பது பேரனுக்குப் பிறகு பிறந்த பாட்டனைப் போன்றது.

சங்கப் பாடல்களில் ஆளி வருகிறதே என்பார்கள். வருகிறது; யானையைத் தாக்கி வீழ்த்தும் விலங்காக வருகிறது. அதிலிருந்து யானையோடு உறவு எப்படிப் பிறந்தது என்பதை அன்பர்கள்தாம் விளக்கவேண்டும். பறையொலி கேட்டு உயிர்விடும் அசுணமும் சங்க இலக்கியத்தில் உண்டு. அதன் எலும்பை யாரும் தேடிப் புறப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு இதில் தனிச்சினம் உண்டு. கவிதையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி வாக்குமூலம் வாங்குவோர் கவிதையையும் இழக்கிறார்கள், சான்றையும் இழக்கிறார்கள். சிற்பிக்குச் செய்யும் அவமதிப்பு இன்னும் பெரிது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்து யாளியில் சிங்க உடலும் யானை முகமும் ஒன்றாகப் பிணைந்து நிற்பது ஒரு மனத்தின் துணிச்சல். கண்ணெதிரே நின்ற விலங்கைப் பார்த்துச் செதுக்கினான் என்றால் அவன் வெறும் படியெடுப்பாளன். இதைத்தான் தமிழ்ப் பெருமை என்று சொல்லித் தருகிறோம்!

பொய் வேண்டிய அளவுக்கு மெய் வறண்டு கிடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1830களில் சிவாலிக் குன்றுகளில் ஹியூ பால்கனரும் புரோபி காட்லியும் பெருந்தொகையாகப் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஒருவர் சகரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர். மற்றவர் பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். அவர்கள் கண்ட விலங்குகளில் ஒன்றுக்கு ஸ்டெகோடான் கணேசா என்று பெயர். கடைவாய்ப் பல்லின் மேடுகள் கூரைகளை வரிசையாக அடுக்கியதுபோல் இருப்பதால் கூரைப்பல் என்னும் பொருள்பட அமைந்த கிரேக்கப் பெயர் அது. (கணேசா என்ற பின்னொட்டைப் பிடித்துக்கொண்டு நம் முன்னோர் இதையும் அறிந்திருந்தார்கள் என்று எவரேனும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறோம்: பெயரிட்டவர்கள் அந்த இரண்டு ஆங்கிலேய ஆட்சிப் பணியாளர்களே.) நீண்ட தந்தங்கள் இரண்டும் முளைக்கும் இடத்தில் அத்தனை நெருக்கம். நடுவே துதிக்கை தொங்க இடமில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எந்தக் குழந்தைக்கு இது பிடிக்காது? இமாச்சலத்துச் சுகேத்தியில் 1974இல் தொடங்கிய புதைபடிவப் பூங்காவில் அதன் முழு உருவமாதிரியே நிற்கிறது.

நர்மதைப் படுகையில் இன்றைய யானையைவிடப் பெரிய பேலியோலாக்சோடான் நமாடிகஸ் வாழ்ந்தது. இலங்கையில் இரத்தினபுரியின் மணிக்கல் படிவுகளிலும் மறைந்த யானைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. காஷ்மீரில் பாம்பூர் அருகே 2000இல் ஒரு பேருருவ யானையின் மண்டையோடு 87 கற்கருவிகளோடு கிடைத்தது. மூன்று நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மனித இனத்தார் மஜ்ஜைக்காக அதன் எலும்பை உடைத்திருக்கிறார்கள் என்பதை 2024இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இவற்றில் ஒன்றேனும் நம் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கிறதா? அவர்கள் அறிந்தது திரைப்படத்தில் வரும் மாமூத் ஒன்றுதான். அதையும் யானையின் தாத்தா என்கிறார்கள். அது தாத்தா அன்று, பங்காளி. ஆப்பிரிக்க யானையைவிட நம் யானைக்கே மாமூத் நெருங்கிய உறவு என்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. கடைசி மாமூத்துகள் சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. அப்போது எகிப்தின் பெரிய பிரமிடு எழுந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இதில் பெருமை சிறுமைக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. ஓர் உயிரினம் உலகிலிருந்து அடியோடு இல்லாமல் போகக்கூடும் என்பதையே மனிதகுலம் யானையின் எலும்பிலிருந்துதான் தெளிவாகக் கற்றது. 1796இல் பாரிஸில் ழார்ஷ் குவியே இலங்கை யானையின் மண்டையோட்டையும் ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டையும் அருகருகே வைத்து, இவை வெவ்வேறு இனங்கள் என்றார். மாமூத் இரண்டிலும் சேராதது, இன்று எங்கும் இல்லாதது என்றார். அதற்குமுன், பூமியின் ஏதோ மூலையில் அது இன்னும் உலவுகிறது என்று நம்ப இடமிருந்தது.

யாளிக் கதை இந்தப் பாடத்தைத் தலைகீழாக்குகிறது. அழிவு என்பதை ஓர் இழப்பாகக் காட்டாமல் பழம்பெருமைக்கு அணிகலனாக்குகிறது. துதிக்கை வரிசையில் 150க்கும் மேற்பட்ட இனங்கள் போய், இப்போது எஞ்சியிருப்பவை மூன்று. ஆசிய யானை அருகிவரும் இனங்களின் பட்டியலில் 1986 முதல் இருக்கிறது. வால்பாறையிலும் கூடலூரிலும் அது ஊருக்குள் வந்தால் விரட்டப் பட்டாசோடு நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு, இல்லாத விலங்கின் வீரக்கதையைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

மதுரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், தூணின்முன் நிறுத்தி, சிங்கம் எதுவரை, யானை எதிலிருந்து என்று பிள்ளைகளையே பிரித்துக் காட்டச் சொல்லட்டும். சென்னைக்கு வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் யானையின் எலும்புக்கூடு நிற்கிறது. அதைச் சுற்றி நடக்க அரைமணி நேரம் கொடுக்கட்டும்.