இரண்டு தரம் போட்ட உப்பு

கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் இல்லாமல் போகாது. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. மருமகள் உப்பைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போகிறாள். அந்தச் சமயம் பார்த்து மாமியார் வந்து தம் பங்குக்கு ஒரு கை போடுகிறார். அன்றையச் சாப்பாட்டின் லட்சணத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை!

எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கும் இதுதான் நேர்ந்தது. ஆனால் சாம்பாரில் அல்ல, பேரனின் பள்ளிக்கூடச் சம்பளத்தில். 18,500 ரூபாய். பள்ளியின் வெப்சைட்டில் எல்லாவற்றையும் நிரப்பி, பாங்க் அனுப்பிய ரகசிய எண்ணையும் கொடுத்தார். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இழந்து பின்பக்கம் திரும்பி, அதே படிவத்தில் மறுபடி பொத்தானை அழுத்தினார். புதிதாக ஒரு ரகசிய எண் வந்தது. அதையும் கொடுத்தார்.

மாதம் 3-ஆம் தேதி, பால் பாக்கி, மளிகை பாக்கி. கணக்கில் 37,000 ரூபாய் காலி! "ஏண்டி, நான் ஒரு தரம்தானே கட்டினேன்?" என்று கண் கலங்க வந்து நின்றார்.

மாமியின் பேரில் தவறு என்று நான் சொல்லமாட்டேன். சக்கரம் சுற்றுகிறது என்றால் பதில் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்; வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் மணியார்டர் போய்ச் சேர்ந்து, கையெழுத்திட்ட சீட்டு மட்டும் வழியில் தொலைந்து போனதில்லையா, அதைப் போலத்தான். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டருக்கோ, விசேஷமாகச் சொல்லி வைத்தாலொழிய, முதல் அழுத்தும் இரண்டாம் அழுத்தும் இரண்டு தனித் தனிக் கட்டளைகள்.

சொல்லி வைக்க வழி இருக்கிறது. முதல் அழுத்திலேயே பொத்தானை மங்கலாக்கிவிடலாம். ஆனால் மாமியைப் போல் பின்பக்கம் திரும்பி வருகிறவர்களுக்கு அது போதாது. சலவைக்காரர் துணியோடு கொடுக்கும் சீட்டைப் போல, படிவம் நம்மிடம் வரும்போதே கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண்ணை அதோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண் இரண்டாம் தரம் வந்தால், "இதற்கு வாங்கியாகிவிட்டது, இதோ ரசீது" என்று சொல்ல வேண்டும். இரண்டு அழுத்தும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தாலும் ஏமாறாதபடி, கணக்குப் புத்தகமே ஒரே எண்ணை இரு முறை பதிய மறுக்க வேண்டும். பணம் வாங்கியதும் நம்மை ரசீதுக்கென்று உள்ள தனிப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே எத்தனை தரம் புதுப்பித்தாலும் ரசீதுதான் வரும். இவ்வளவையும் செய்யச் சோம்பல்பட்டவர்களைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? "படிவத்தை மீண்டும் அனுப்பட்டுமா?" என்று பிரவுசர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சக்கரம் நிற்காவிட்டால், முதலில் பாங்க் கணக்கைப் பாருங்கள். பிறகு பள்ளியின் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, சம்பளம் பாக்கி என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

யூ.பி.ஐ. மூலம் கட்டும்போது பணம் பிடிக்கப்பட்டும் வாங்குகிறவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லையென்றால், 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று 2019-இல் ரிசர்வ் பாங்க் விதித்திருக்கிறது. ஆனால் இது தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு. மாமியுடையது இரண்டும் ஜெயித்த கேஸ்! அதற்குப் பணம் வாங்கியவரிடம்தான் போய் நிற்க வேண்டும், இரண்டு பரிவர்த்தனை எண்களையும் எழுதிக்கொண்டு.

மாமி போய் நின்றார். "அடுத்த தவணைக்கு வரவு வைத்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

"அடுத்த தவணைக்குள் நான் பால்காரனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டாராம் மாமி. மூன்று வாரத்தில் பணம் வந்துவிட்டது.