அறுபதைப் பார்க்காத கோபி

கோபி என்றதும் கோபிசெட்டிப்பாளையமோ, சாயந்திர நேரத் தள்ளுவண்டியில் செக்கச்செவேல் என்று பொரித்துப் போடுகிற காலிஃபிளவரோ ஞாபகத்துக்கு வந்தால், சற்றே ஒதுக்கி வையுங்கள். இந்த வாரக் கோபி ஒரு மீன். நம்ம ஊர்க் கழிமுகங்களில் 'உளுவை' என்பார்களே, அந்தக் குடும்பம். ரொம்பப் பெரிய குடும்பம். சுமார் 2,000 இனங்கள் தேறும்.

அதில் ஒரு பொடியன், வெப்பக்கடல் பவளப்பாறைகளின் இண்டு இடுக்கில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறான். முழுசாக வளர்ந்தாலே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'எவியோட்டா சிகிலாட்டா'. ஆளைவிடப் பெயர் நீளம்!

விஷயம் இதுதான். இந்த மீனின் அதிகபட்ச ஆயுள் 59 நாள். சராசரி இல்லை ஸார், அதிகபட்சம்! வியாதி வெக்கை இல்லாமல், எவன் வாயிலும் விழாமல், தீர்க்காயுசாக வாழ்ந்தாலே 59 நாள்தான். நம் சித்த வைத்தியர் 'ஒரு மண்டலம் மருந்து சாப்பிடுங்கோ, அப்புறம் பாக்கலாம்' என்று இதனிடம் சொன்னால், 48 நாள் பத்தியம் இருந்தது போக, வாழ்வதற்கு மிச்சம் 11 நாள் இருக்கும். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் வருகிறதே, அது வருவதற்குள் ஒரு தலைமுறையே முடிந்துவிடும். அறுபதாம் கல்யாணம் கிடக்கட்டும், அறுபதாம் நாளே கிடையாது.

'அதெப்படிய்யா அவ்வளவு கரெக்டாச் சொல்றே? மீனுக்கு பர்த் சர்டிபிகேட்டா இருக்கு?' என்று கேட்பீர்கள். இருக்கிறது! மீனின் தலைக்குள், காதுப் பக்கம் ஒரு குட்டிக் கல் உண்டு. மரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழுகிற மாதிரி, இந்தக் கல்லில் நாளைக்கு ஒரு வளையம் விழும். எண்ணினால் வயசு. 2005-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷியல் டெப்சின்ஸ்கி, டேவிட் பெல்வுட் என்ற இருவர், கிரேட் பாரியர் ரீஃப் பவளத்திட்டில் பிடித்த மீன்களை வைத்து இப்படி எண்ணினார்கள். 59-க்கு மேல் எதிலும் வளையம் இல்லை. முதுகெலும்புள்ள பிராணிகளிலேயே நமக்குத் தெரிந்த மிகக் குறுகிய ஆயுள் இதுதான். அதுவரை அந்தப் பட்டத்தை வைத்திருந்தது ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் வாழும் ஒரு மீன். அதற்கு ஆயுள் சுமார் 12 வாரம். கோபியோடு பார்த்தால் அது கொள்ளுத்தாத்தா.

சரி, அந்த 59 நாளை எப்படிச் செலவழிக்கிறது? முதல் மூன்று வாரம் குஞ்சாகத் திறந்த கடலில் மிதக்கும். பிறகு பவளப்பாறைக்கு வந்து இடம் பிடித்துப் பெரிய மனுஷன் ஆக ஒன்றிரண்டு வாரம். கடைசியில் மிஞ்சுவது மூன்றரை வாரம். அதற்குள் காதல், கல்யாணம், சீமந்தம், வளைகாப்பு எல்லாம்! பெண் மீன் மூன்று தடவை முட்டையிடும்; மொத்தம் சுமார் 400. முட்டைகளுக்குக் காவல் யார் தெரியுமோ? அப்பா. (இந்த இடத்தைச் சில வீடுகளில் உரக்கப் படித்துக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.)

இத்தனை அவசரம் ஏன்? சுற்றிலும் வாய்கள். பவளப்பாறைக்கு வந்து சேர்ந்த கோபிகளில் தினமும் நூற்றுக்கு எட்டு காலி. ஒரே வாரத்தில் நூற்றில் நாற்பதுக்கு மேல் போய்விடும். 'இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு, செட்டில் ஆயிட்டு, அப்புறம் கல்யாணம்' என்று தள்ளிப்போட்டால் வம்சமே கிடையாது. இதற்கு நேர்மாறாக, வடகடல்களில் கிரீன்லாந்து சுறா என்று ஒன்று உண்டு. 2016-ல் கணக்குப் பார்த்ததில், ஒரு சுறாவுக்குக் குறைந்தபட்சமே 272 வயசு என்றார்கள். அது பருவத்துக்கு வரவே சுமார் 150 வருஷம் ஆகுமாம். அவசரமே இல்லாத ஜாதகம்.

இப்படி வந்ததும் போனதும் தெரியாமல் போகிற ஒரு பொடி மீனால் யாருக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு 2019-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு பதில் வந்தது. பவளப்பாறையைச் சுற்றியுள்ள வெப்பக்கடல் நீர் கண்ணாடி மாதிரி தெளிவு. தெளிவு என்றால் சத்துக் குறைவு என்று அர்த்தம். பிறகு எப்படி அங்கே மட்டும் இத்தனை மீன், இத்தனை வண்ணம்? டார்வின் காலத்திலிருந்தே புதிர். ஆராய்ந்து பார்த்ததில், பவளப்பாறையில் தின்னப்படும் மீன் உணவில் கிட்டத்தட்ட 60 சதவிகிதம் இந்தக் கோபி வகையறா பொடி மீன்கள்தானாம். செத்துச் செத்துப் பிறந்து, ஊருக்கே சோறு போடுகிறார்கள். பெரிய மீன்கள் மினுக்கிக்கொண்டு போஸ் கொடுக்கின்றன; அடுப்படியில் வேகிறவன் கண்ணில் படுவதில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

கவலை ஒன்று உண்டு. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். கிரேட் பாரியர் ரீஃபில் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 என்று பெரிய அளவில் வெளுத்திருக்கிறது. 2016-லிருந்து அடிக்கடி வருவதைக் கவனியுங்கள். நமக்கு அது 'ஒரு மோசமான கோடை'. ஏ.சி.யைக் கூட்டி வைத்து, மழை வரட்டும் என்று காத்திருப்போம். அந்தக் கோடையின் முதல் நாள் பிறந்த கோபிக்கு அது கோடை இல்லை. மொத்த ஆயுளே அதுதான். கடல் என்றால் கொதிக்கும், பவளம் என்றால் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போகும். குளிர்ந்த கடலைப் பார்த்த தாத்தா யாரும் அதற்குக் கதை சொல்ல உயிரோடு இருக்க மாட்டார்.

நமக்கு 70, 80 வருஷம் கொடுத்திருக்கிறது. 'போன வருஷம் இவ்வளவு வெயில் இல்லையே' என்று நம்மால் சொல்ல முடிகிறது. நீண்ட ஆயுளின் பிரயோஜனங்களில் அதுவும் ஒன்று: முன்னே எப்படி இருந்தது என்பது ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்கிறவன்தான் கேள்வி கேட்க வேண்டும். கோபிக்கு ஏது நேரம்? முட்டைக்குக் காவல் இருக்கிறது!